மணி அடித்தது யார்?

பாளையங்கோட்டை
8 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பி சபரிக்கு அக்கா கோமதி எழுதுவது. இங்கே அத்தான், ப்ரீத்தி, நான் எல்லாரும் சுகம். இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு என் மாமியார் கைத்தடி பிடித்து பாத்ரூம் வரை போகிறார். அதற்கு மேல் ஓர் அடி என்றாலும் என்னைத்தான் கூப்பிட வேண்டும். அங்கே நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்பது இனிமேல் உன் கையெழுத்தில்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. எங்கள் தெரு எஸ்தர் டீச்சருக்குப் போன மாதம் வீடியோ கால் வந்தது. மஸ்கட்டில் இருக்கும் மகனின் அதே முகம், அதே குரல். "அம்மா, ஆக்ஸிடென்ட்ல மாட்டிக்கிட்டேன்" என்று அழுதானாம். பாவம், இருந்ததையெல்லாம் அனுப்பிவிட்டார். மகனோ அந்த நேரம் அறையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான். முகத்தைச் செய்துவிடலாம், குரலைச் செய்துவிடலாம் என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? உன் கோழிக் கிளறல் எழுத்தை மட்டும் எந்த கம்ப்யூட்டராலும் செய்ய முடியாது. அதனால் எழுது.

இன்னொன்று. அம்மாவுக்கு ஃபோனில் காது கேட்காது, சரி. வீடியோ கால் கூப்பிட்டால் "நெட் சரியில்லை" என்கிறாய். அதற்குப் பதில் ஞாயிறுதோறும் பதிவு செய்து அனுப்புகிறாய், நானும் உன் ஃபோனுக்கே பதில் பேசி அனுப்புகிறேன். ஏன் அது எப்போதும் திங்கள் கிழமை கழித்தே வருகிறது? அவள் நெற்றியைப் பார்த்தால் கழுவித் துடைத்த பலகை மாதிரி இருக்கிறது. ஒரு சுருக்கம்கூட இல்லை. எனக்கே நாலு கோடு விழுந்துவிட்டது.

எதிர்வீட்டு நர்ஸம்மா, புருஷன் போனவள், திருச்செந்தூரில் போய்த் தாலி கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இதெல்லாம் தேவையா? "எங்க அம்மாவப் பாத்துப் படிச்சுக்கணும்" என்று அத்தானிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு என் முத்தம்.

அக்கா
கோமதி


சிஞ்ச்வட், புனா
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு, சபரி. நான் சௌக்கியம். அம்மாவும் சௌக்கியம். மழை விடாமல் பெய்கிறது. துணி காயவில்லை, அவ்வளவுதான் கஷ்டம். அத்தைக்கு உடம்பு தேவலையா? ப்ரீத்திக்கு மாமாவின் அன்பு.

பேனா பிடித்து வருஷக்கணக்காகிறது. வங்கியில் கையெழுத்துப் போடுவதோடு சரி. நான் செய்யும் வேலையை வைத்துத்தான் சந்தேகப்படுகிறாய் என்று புரிகிறது. எங்கள் ஸ்டூடியோவில் யாரும் மந்திரம் செய்வதில்லை அக்கா. பெரிய ஹாலில் ஜன்னலை எல்லாம் மூடிவிட்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஹீரோ கயிற்றில் தொங்கிக்கொண்டு பறப்பான். அந்தக் கயிற்றைத் துடைப்பவன் நான். ஒரு நொடிக்கு இருபத்து நாலு படம், ஒவ்வொன்றிலும் துடைக்க வேண்டும். முன்பெல்லாம் கயிறு தெரியாமலிருக்க இருட்டில் படம் எடுப்பார்களாம், மெல்லிய கம்பியாகத் தேடுவார்களாம். இப்போது சேட்டுக்கடை மூட்டை கட்டுகிற கயிறு மாதிரி தடியாகக் கட்டிவிட்டு, "சபரி தேக் லேகா", சபரி பார்த்துக்கொள்வான் என்று போய்விடுகிறார்கள்.

அதற்கும் இப்போது ஆபத்து. துடைப்பதைத் தானாகவே செய்ய ஒரு மென்பொருள் வந்திருக்கிறது. எங்கள் வரிசையில் பாதி நாற்காலி காலி. நான் இன்னும் இருப்பதற்குக் காரணம், அது சொதப்பும் இடங்களைச் சரி செய்ய ஓர் ஆள் வேண்டும் என்பதுதான்.

அம்மாவின் நெற்றி விஷயம் புது ஃபோன் செய்கிற வேலை. எல்லா முகத்தையும் மழமழவென்று காட்டுகிறது.

தம்பி
சபரி


பாளையங்கோட்டை
6 செப்டம்பர் 2025

தம்பிக்கு அக்காவின் ஆசிகள். வீட்டில் எல்லாரும் நலம். மாமியார் மட்டும் சளியில் இருக்கிறார். உன் கடிதம் கண்டு சந்தோஷம். எழுத்து மோசம், ஆனால் உன் எழுத்துதான், சந்தேகமில்லை.

போன வாரம் அத்தான் எங்களை சினிமாவுக்குக் கூட்டிப்போனார். ஆயிரம் யானை வந்தது. ப்ரீத்தி கொட்டாவி விட்டாள். பிறகு ஒரு மனிதன் மாடியிலிருந்து குதித்தான். எனக்கு நெஞ்சு பதறியது. "கிராபிக்ஸும்மா" என்றாள். அது நிஜமாகவே ஒருவர் குதித்தது, காலை ஒடித்துக்கொண்டார் என்று அத்தான் எங்கேயோ படித்திருக்கிறார். ஒடிந்ததுதான் மிச்சம், குழந்தை நம்பவில்லை. ஆற்றில் வெள்ளம் வந்த வீடியோவைக் காட்டினாலும் இதே பேச்சு. பொய்யை நிஜம் மாதிரி செய்து செய்து, நிஜத்தையே யாரும் நம்பாத காலமாக ஆக்கிவிட்டீர்கள்.

அத்தான் ஒன்று கேட்கச் சொன்னார். எதைத் துடைப்பது உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்?

அம்மாவை எனக்கு நாலு வரி எழுதச் சொல். அவள் கை நன்றாகத்தானே இருக்கிறது? அப்புறம், போன வீடியோவில் பின்னால் விமானம் போகிற சத்தம் காதைப் பிளந்தது. சிஞ்ச்வட்டில் ரயில் சத்தம்தானே கேட்கும்?

கோமதி


சிஞ்ச்வட்
9 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு, தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வெப் சீரிஸ் ஒன்றை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நானும் அம்மாவும் சுகம். அத்தையின் சளி தேவலையா?

அத்தான் கேள்விக்குப் பதில். நிற்கிற பொருளைத் துடைப்பது சுலபம். அதற்கு முன்னால் வேறொன்று கடந்து போனால்தான் பிராணன் போகும். கை, தலைமுடி, முந்தானை, எது கடந்தாலும் விளிம்பு விளிம்பாக வெட்டி ஒட்ட வேண்டும். நல்ல டைரக்டர்கள் அப்படி எடுக்கவே விடமாட்டார்கள்.

விமானம் எல்லா இடத்திலும்தான் பறக்கிறது. அம்மாவுக்கு எழுதச் சோம்பலாம். தீபாவளிக்கு நல்ல வீடியோ அனுப்புகிறேன்.

சபரி


பாளையங்கோட்டை
27 அக்டோபர் 2025

சபரி,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

தீபாவளி வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு, "ப்ரீத்திக்கு முறுக்கு சுட்டியாட்டி? அவளுக்கு அரிசி முறுக்குதான் பிடிக்கும்" என்று பேசிக்கொண்டிருக்கிறாள். அப்போது பின்னால் பூஜை மணி அடிக்கிறது. உடனே கண்ணை மூடுகிறாள். வலது கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய், இரண்டு விரலால் எதையோ எடுக்கிற மாதிரி எடுத்து, ஒரு கண்ணில் ஒற்றி, மறு கண்ணில் ஒற்றி, திரும்ப நெஞ்சில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்கிறாள்.

அந்த விரல்களில் ஒன்றுமே இல்லை. வெறும் விரல்.

என்னடா செய்கிறாள் அவள்? புத்தி தடுமாறுகிறதா? அப்பா போனதுகூட மறந்துபோகிற மாதிரி ஏதாவது நோயா? டாக்டரிடம் காட்டினாயா? இன்னொரு கேள்வி. நீ கேமரா பிடிக்கிறாய். அம்மா பேசிக்கொண்டிருக்கிறாள். உங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர். அப்புறம் மணி அடித்தது யார்?

நான் சும்மா இருக்கவில்லை. போன மாதம் உனக்குத் தெரியாமல் அம்மா பேருக்கு உன் முகவரிக்கே ஸ்பீட் போஸ்ட் அனுப்பினேன். முந்தாநாள் திரும்பி வந்துவிட்டது. மேலே தபால்காரர் இந்தியில் எழுதியிருக்கிறார். அத்தான் படித்துச் சொன்னார்: பெறுநர் இங்கே வசிப்பதில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். அம்மாவை எங்கே வைத்திருக்கிறாய்? ஆஸ்பத்திரியிலா, முதியோர் இல்லத்திலா? கேட்டுவிடுகிறேன். நீ அனுப்புகிற அந்த அம்மா உயிரோடு இருக்கிற அம்மாதானா, இல்லை நீ கம்ப்யூட்டரில் செய்கிற அம்மாவா?

நீ வீடு மாற்றிய பிறகு உன் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. யாரிடம் போய் விசாரிப்பேன்? ஒன்று செய். அம்மா தன் கையால் நெற்றியில் விபூதி பூசுகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. முன்னால் கை கடந்தால் உனக்குப் பிராணன் போகுமாமே. பார்க்கலாம்.

கோமதி


சிஞ்ச்வட்
7 நவம்பர் 2025

அக்காவுக்கு, அம்மா நன்றாக இருக்கிறாள். சத்தியமாக. புத்திக்கு ஒன்றுமில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. தபால்காரர் புதிது. விபூதி பூசிய போட்டோ அனுப்பியிருக்கிறேன், பார். இப்போது கிளம்பி வராதே, எனக்கு வேலை நெருக்கடி. அத்தானுக்கு வணக்கம்.

சபரி


பாளையங்கோட்டை
25 நவம்பர் 2025

சபரிக்கு,

நான் கேட்டது வீடியோ, நீ அனுப்பியது போட்டோ. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதுதான்.

புனாவுக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லி அத்தானைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். நேற்று கார்த்திகைச் சோமவாரம். மனசு ஆறாமல் காந்திமதியம்மன் சன்னதிக்குப் போனேன். நல்ல கூட்டம். தீபாராதனை காட்டினார்கள், மணி அடித்தது. என்னைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் கண்ணை மூடித் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். என் கையும் போயிருந்தது. தாலியைப் பிடித்த என் இரண்டு விரலைப் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். பின்னாலிருந்தவள் "நகருங்கக்கா" என்று தள்ளினாள்.

அம்மாவுக்குப் புத்தி தடுமாறவில்லை. அவள் கை வெறுங்கையும் இல்லை.

நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று நீயே விலாவாரியாக எழுதியிருக்கிறாய். நான்தான் மரமண்டை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். அம்மா கழுத்திலிருந்து எதைத் துடைத்தாய்? நெற்றியிலிருந்து எதைத் துடைத்தாய்? அந்த மணியை அடித்தவர் யார்?

கோமதி


சிஞ்ச்வட்
12 டிசம்பர் 2025

அக்காவுக்கு சபரியின் நமஸ்காரம். இதை எழுதிக் கிழித்து, திரும்ப எழுதியதில் நாள் போய்விட்டது.

அவர் பெயர் விஸ்வேஸ்வரன். தஞ்சாவூர்க்காரர். விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்று, இங்கே விமான நிலையம் இருக்கிற லோஹேகாவிலேயே தங்கிவிட்டார். மனைவி தவறிப் பல வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. அம்மாவைக் காது மெஷினுக்காகக் கூட்டிப்போன கிளினிக்கில் அவரும் வருவார். விமானச் சத்தத்தில் அவருக்கும் காது போச்சு. இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசிச் சிநேகிதமானார்கள். கிளினிக் முழுவதும் கேட்கும். மாசியில் ரிஜிஸ்தர் செய்து, கோயிலில் தாலி கட்டினார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். அன்றிலிருந்து அம்மா அவர் வீட்டில்தான். ஞாயிறுதோறும் அங்கே போய்தான் வீடியோ எடுக்கிறேன். விமானம், அவர் அடிக்கிற பூஜை மணி எல்லாம் அந்த வீட்டுச் சத்தம். நான் கண்ணுக்கு வேலை செய்கிறவன், காதை மறந்துவிட்டேன்.

உனக்கு எப்படிச் சொல்வேன்? உன் நாக்குக்கு எனக்குப் பயம். நர்ஸம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் அந்தப் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. பொட்டைத் துடைப்பது கஷ்டமில்லை. சங்கிலிதான் கழுத்து அசையும்போதெல்லாம் அசையும். தீபாவளி வீடியோவில் அந்த இடத்தை வெட்டி எறிந்திருக்கலாம். அம்மா அப்போது ப்ரீத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், மனசு வரவில்லை. விரலுக்கு நடுவிலிருந்து தாலியைத் துடைத்தேன். கையை ஏன் அப்படிக் கொண்டுபோகிறாள் என்று எனக்குத் தெரியாது அக்கா. அதெல்லாம் நான் கவனித்ததே இல்லை.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. நான் துடைப்பது அம்மாவுக்குத் தெரியாது. ஒவ்வொரு வாரமும் கேட்பாள், "கோமு பாத்தாளா?" பார்த்தாள் என்பேன். "என்ன சொன்னா?" ஒன்றும் சொல்லவில்லை என்பேன். இரண்டும் பொய் இல்லை. ஆனால் அந்த நேரம் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

இந்த ஞாயிறு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். திட்டுவதென்றால் திட்டு.

சபரி


லோஹேகாவ்
10 டிசம்பர் 2025

சௌபாக்கியவதி கோமதிக்கு அம்மா வனஜாவின் ஆசீர்வாதம். மாப்பிள்ளை, ப்ரீத்தி, சம்பந்தியம்மா எல்லாரும் க்ஷேமமாக இருக்க காந்திமதியம்மன் துணை. நான் சுகமாக இருக்கிறேன். குளிர் கொஞ்சம் அதிகம். ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன்.

சபரிக்கு வேலை அதிகம் என்பதால் இவரையே தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தேன். கல்யாணத்தன்று சபரி "நான் அக்காகிட்ட சொல்லுதேன்" என்றான். நான்தான் வேண்டாம் என்றேன். வாயால் சொன்னால் நீ சண்டை பிடிப்பாய், கண்ணால் பார்த்தால் ஒருவேளை பொறுத்துக்கொள்வாய் என்று ஒரு எண்ணம். முதல் ஞாயிறு பொட்டு வைத்து, தாலியை எடுத்துச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். பொண்ணு பார்க்க வந்தபோதுகூட எனக்கு அப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

நீ ஒன்றுமே சொல்லவில்லை. சேலை நிறம் பிடிக்காவிட்டால்கூட மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள் நீ. வாராவாரம் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல், மாமியார் இருமலையும் ப்ரீத்தி மார்க்கையும் பேசி அனுப்பினாய். முதலில் கோபமோ என்று பயந்தேன். அப்புறம்தான் புரிந்தது, அம்மா மனசு நோகக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாய். இவர் கேட்டார், "உங்க பொண்ணு என்ன சொல்றா?" "எம் பொண்ணு ஒண்ணும் சொல்லல. எல்லாத்தையும் பாத்துட்டுச் சும்மா இருக்கா. அதுக்குப் பெரிய மனசு வேணும்லா" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

உன் அப்பாவை நான் மறக்கவில்லை. படம் இங்கே கூடத்தில்தான் இருக்கிறது. இவரே ஆணி அடித்து மாட்டினார்.

முடிந்தபோது வா. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள்.

அம்மா


பாளையங்கோட்டை
20 டிசம்பர் 2025

சபரிக்கு,

உன் கடிதமும் அம்மா கடிதமும் ஒரே நாளில் வந்தன. உன்னுடையதை முதலில் பிரித்தேன். உன்னைத் திட்டி மூன்று பக்கம் எழுதினேன். பிறகு அம்மாவுடையதைப் படித்தேன். மூன்று பக்கத்தையும் அடுப்பில் போட்டுவிட்டு, அப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவருக்காக அழுதேனா, அம்மாவுக்காகவா, எனக்காகவா, தெரியவில்லை. அத்தான் காபி போட்டுக் கொடுத்தார்.

எனக்குச் சம்மதமா என்று கேட்டால் இன்னும் இல்லை. நீ முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஆடித் தீர்த்திருப்பேன், அதுவும் உண்மை. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அம்மா ஞாயிறுதோறும் அலங்காரம் செய்துகொண்டு என் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறாள், நீ நடுவில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். சினிமாக்காரனை ஏமாற்று, ஊரை ஏமாற்று. அம்மாவையும் மகளையுமா ஏமாற்றுவது?

இப்போது சொல்வதைக் கேள். அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. சொல்லப்போகிறேன் என்று எழுதியிருந்த அந்த ஞாயிறு போய்விட்டது. சொல்லியிருக்க மாட்டாய், உன் தைரியம் எனக்குத் தெரியும். இனியும் சொல்லாதே. அவள் பெருமையாக நினைக்கிற அந்தப் பெண் நான் இல்லை. அவள் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

நீ துடைக்காத வீடியோ எல்லாவற்றையும் அனுப்பு. முதல் ஞாயிற்றிலிருந்து. ஒரு நொடிகூட வெட்டாமல்.

கோமதி


பாளையங்கோட்டை
4 ஜனவரி 2026

என் அம்மாவுக்குக் கோமதி செய்யும் நமஸ்காரம். நாங்கள் எல்லாரும் சௌக்கியம். அத்தை இப்போது கைத்தடி இல்லாமலே வாசல் வரை போகிறார். ப்ரீத்தி கணக்கில் முதல் மார்க். குளிருக்கு ஸ்வெட்டர் மட்டும் போதாது, காதையும் கட்டிக்கொள்.

உன் கடிதம் வந்தது. பார்த்தேன் அம்மா. எல்லா ஞாயிறும் பார்த்தேன். நேற்றும் முந்தாநாளும்கூட உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன். சிவப்பு சாந்து உனக்குப் பொருந்துகிறது. ஆடி மாதத்தில் ஒரு நாள் பொட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது. தாலிச் சங்கிலி மெலிசாகத் தெரிகிறது, அறுந்துவிடாமல் பார்த்துக்கொள். தீபாவளியன்று மணிச்சத்தம் கேட்டதும் நீ கண்ணில் ஒற்றிக்கொண்டதையும் பார்த்தேன்.

பெரிய மனசு என்று எழுதியிருக்கிறாய். அப்படியெல்லாம் இல்லை. அப்பாவை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அங்கே உன்னோடு இருப்பவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. அதற்குக் கொஞ்சம் நாள் கொடு. பங்குனியில் ப்ரீத்திக்குப் பரீட்சை முடிந்ததும் வருகிறோம். ஆணி அடித்து அப்பா படத்தை மாட்டியவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

ஒன்று மட்டும் என் தப்பு. முதல் ஞாயிறு வீடியோவின் கடைசியில், சபரி நிறுத்தப்போகிற நேரத்தில், நீ நெற்றியைத் தொட்டுக்கொண்டு என்னைக் கேட்டாய். "நல்லாருக்காட்டி?" என்று கேட்டுவிட்டு, பதில் அப்போதே வந்துவிடும் என்பதுபோல் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்கு நான் இத்தனை நாள் பதில் சொல்லவில்லை.

நல்லாருக்கும்மா.

உன் மகள்
கோமதி